எண்ணுக்கும் இரும்புக்கும் இடையே

யாழ்ப்பாணத்து லேத் பட்டறைகளுக்கு வேலை வருகிற விதமே தனி. பெரிய தொழிற்சாலைகளுக்கு வரைபடம் வரும். ஒவ்வோர் அளவும், அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும். இங்கே வருவது சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து இறக்கும் தண்ணீர்ப் பம்பின் ஷாஃப்ட். பெயரிங் இருந்த இடம் பள்ளமாகத் தேய்ந்து, உப்புப் பிடித்து, ஒரு பக்கம் நீலம் பாரித்திருக்கும். "நாளைக்கு வெங்காயத்துக்குத் தண்ணி மாற வேணும் தம்பி" என்பதற்கு மேல் வேறு விவரம் இருக்காது.

தேய்ந்ததை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். புதிதாக இருந்தபோது அது என்ன அளவில் இருந்தது என்பதை லேத்காரரே கண்டுபிடித்தாக வேண்டும். தடயங்கள் உண்டு. பெயரிங்கில் 6205 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் போதும், உள்விட்டம் 25 மில்லிமீற்றர். கடைசி இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் உள்ள வழக்கமான பெயரிங்குகளுக்கு இந்தக் கணக்குப் பிசகாது. எண் அழிந்திருந்தாலும் வெளிவிட்டம் 52, அகலம் 15 என்று அளந்து அதே முடிவுக்கு வரலாம். ஷாஃப்டில் பெயரிங்கின் உள்வளையம் தொடாத ஒரு குறுகிய ஓரம் பெரும்பாலும் தேயாமல் தப்பியிருக்கும். அனுபவப்பட்டவர் மைக்ரோமீற்றரை முதலில் அங்கேதான் வைப்பார்.

25 என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. பெயரிங் செய்பவர்கள் அந்தத் துளையை 25 மில்லிமீற்றருக்கும் அதைவிட 10 மைக்ரோன், அதாவது நூறில் ஒரு மில்லிமீற்றர், குறைவான அளவுக்கும் இடையில் செய்து தருகிறார்கள். அதற்குள் ஷாஃப்ட் இறுக்கமாக நிற்க வேண்டுமானால், வழக்கமாகக் கொள்ளும் ஒரு பொருத்தத்தின்படி, அதன் விட்டம் 25.002 முதல் 25.015 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். இடம் 13 மைக்ரோன்தான். மனிதத் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு. ஷாஃப்ட் சிறுத்தால் பெயரிங்கின் உள்வளையம் அதன்மேல் மெல்ல மெல்ல வழுக்கித் தேய்க்கும். வந்த ஷாஃப்டில் பள்ளம் விழுந்தது இப்படித்தான். பெருத்தால் உள்வளையம் விரிந்து, குண்டுகளுக்கு வேண்டிய இடைவெளி போய், பெயரிங் சூடேறி இறுகும்.

இந்த 13 மைக்ரோனுக்குள் முதலில் குறுக்கிடுவது வெப்பம். உருக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தின் பத்து இலட்சத்தில் சுமார் பதினொன்றரைப் பங்கு விரியும். கடைந்த கையோடு ஷாஃப்ட் 60 பாகையில் இருக்கிறது, பட்டறை 30 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீற்றர் விட்டம் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 9 மைக்ரோன் பெருத்து நிற்கும். சூட்டோடு அளந்து 25.008 என்று மகிழ்ந்து கழற்றிவைத்த ஷாஃப்ட், தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது 25 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருக்கும். மைக்ரோமீற்றரில் குறையில்லை, கையிலும் குறையில்லை. கடைசி வெட்டுக்கு முன் ஷாஃப்டை ஆறவிட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. பழகும் பிள்ளை இந்த இரண்டு அளவுகளையும் தன் கையால் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழில் இங்கே இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்குக் காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் எடுத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. துலா மிதித்து இறைத்த காலம் மாறி, 1950களிலிருந்து மண்ணெண்ணெயிலும் டீசலிலும் ஓடும் பம்புகள் தோட்டம் தோட்டமாகப் பரவின. அதே சுண்ணாம்புக்கல்லை நம்பி 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் பம்புத் தொழிலும் லேத் தொழிலும் ஒன்றையொன்று வளர்த்து, உற்பத்தி நகரமாகவே அதை ஆக்கிவிட்டன. யாழ்ப்பாணத்திலோ பம்பு வெளியிலிருந்து வந்தது, பழுதுதான் உள்ளூரில் விளைந்தது. ஆகவே கை செய்து பழகாமல் திருத்திப் பழகியது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அந்தப் பழக்கமே உயிர்நாடியாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. மின்சாரம் அறுந்தது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் தரம் தாழ்ந்த எரிபொருளையும் அவை ஓரளவு தாங்கின. ஆனால் எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் நீர்த்தால் பெயரிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் தேயும். கார் ஓட ஓட லேத்துக்கு வேலை வந்துகொண்டேயிருந்தது.

அந்தக் கார்களோடு இன்னொரு சிக்கலும் வந்தது: புரி. விற்வேர்த் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் 1841 இல் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் 1948 இல் உடன்பட்ட ஒருங்கிணைந்த புரிக்குக் கோணம் 60 பாகை. மெற்றிக் புரிக்கும் 60 பாகைதான், ஆனால் அளவு மில்லிமீற்றரில். அரை அங்குல விற்வேர்த் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 புரி, ஒருங்கிணைந்த கரட்டுப் புரியில் 13. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மாறிப் போட்டால் நட்டு இரண்டு சுற்று இலகுவாக ஏறும், பிறகு இறுகும். இறுகியதைப் பெலத்தால் மடக்கித் திருப்புகிறவர் புரியைச் சீவிக்கொண்டிருக்கிறார். புரி அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோண வித்தியாசம் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றாகத் தெரிந்துவிடும். ஒரு நிமிடமும் செல்லாத வேலை இது.

அங்குல லேத்தில் மெற்றிக் புரி வெட்டுவதற்கு 127 பல்லுள்ள சக்கரம் வேண்டும் என்பதும் இதே கணக்குத்தான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய சக்கரத்தால் அந்த விகிதத்தைத் துல்லியமாகத் தரவே முடியாது. பழைய லேத் வாங்கும்போது அந்தச் சக்கரம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி, பழகும் பிள்ளை எல்லாப் பட்டறையிலும் சொல்லும் முறைப்பாட்டுக்கு வருவோம். "டயலிலை சரியாய்த்தான் வைச்சனான் அண்ணை, சாமான்தான் கூடி நிக்குது." அவன் சொல்வது உண்மை. டயலில் வைத்தது ஓர் எண், இரும்பில் விழுந்தது இன்னோர் அளவு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு திருகு, அதன் நட்டு, வழுக்கும் மேடை, வெட்டும் டூல், ஷாஃப்டைப் பிடிக்கும் சக், ஷாஃப்ட் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அதன் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் வளையும், கொஞ்சம் ஆடும், கொஞ்சம் சூடாகும். எந்தக் கண்ணி எவ்வளவு கொடுக்கிறது என்று பிரித்தறிவதே இந்தத் தொழிலின் அறிவு என்று நான் நம்புகிறேன். அது கை லேத்துக்கும் பொருந்தும், கணினி ஓட்டும் சிஎன்சிக்கும் அப்படியே பொருந்தும்.

திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் அதைப் பிளே என்பார்கள். கிணற்றுக் கப்பியில் கயிறு தொய்ந்திருந்தால் முதலில் தொய்வுதான் இழுபடும், வாளி பிறகுதான் அசையும். அதுபோலக் கைப்பிடியைத் திசைமாற்றிச் சுற்றும்போது முதற்சுற்றின் ஒரு பகுதியில் டயல் ஓடும், டூல் அசையாது. தேய்ந்த லேத்தில் இது கால் மில்லிமீற்றரைத் தாண்டுவதும் உண்டு. மருந்து எளிது. எப்போதும் ஒரே திசையிலிருந்தே அளவுக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் அந்தச் சிறு தொகையை மட்டும் திருப்பினால் போதாது. நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னே வர வேண்டும்.

வளைவு இதைவிடக் கள்ளமானது, கண்ணுக்குத் தெரியாது. 25 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியைச் சக்கில் பிடித்து 150 மில்லிமீற்றர் வெளியே விட்டு, நுனியில் டூல் 20 கிலோ எடையளவு விசையோடு பக்கவாட்டில் தள்ளினால், கம்பி 0.057 மில்லிமீற்றர் விலகும். விட்டத்தில் அது இரட்டித்து 0.11 மில்லிமீற்றர் தடிப்பாகும். வெளியே நிற்கும் நீளத்தைப் பாதியாக்கினால் விலகல் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும், ஏனென்றால் அது நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே கடைந்த பொருளின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மறுமுனையைத் தாங்கும் பின்தாங்கி இல்லாமல் கடைந்து நுனி தடித்திருந்தால் வளைவு. இருபுறமும் தாங்கிக் கடைந்து நடு பெருத்திருந்தாலும் வளைவுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீராகச் சரிந்திருந்தால் பின்தாங்கியின் மையம் விலகியிருக்கிறது. சக்குக்குக் கிட்ட மட்டும் தடித்தால் லேத்தின் படுக்கையே அந்த இடத்தில் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெரும்பாலான வேலை நடக்கும் இடம் அதுதான்.

இந்த வடிவங்களைப் பிரித்துப் பார்க்காமல், பொருள் சரிவாக வந்தவுடன் பின்தாங்கியின் திருகைத் தொடுவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு. ஒரு காரணத்தின் பிழையை இன்னொன்றின் திருகால் சமப்படுத்தினால் அன்றைய ஷாஃப்ட் சரியாகும், மறுநாள் வேறு நீளத்தில் வேலை வரும்போது இரண்டு பிழைகள் சேர்ந்து நிற்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய பிறகு அளந்து, அளந்ததை எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

அதிர்வுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். டூல் அலறி, மேற்பரப்பில் மீன்செதில்போல் வரிவிழும் அந்த நிலையை உலோகம் வெட்டுவதில் மிகச் சிக்கலான புதிர்களுள் ஒன்றாக அமெரிக்கப் பொறியியலாளர் எப். டபிள்யூ. டெய்லர் 1906 இல் கருதினார். அது எப்படித் தானாக வளர்கிறது என்பது 1950களின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. முந்தின சுற்றில் டூல் விட்டுப்போன அலையை அடுத்த சுற்றில் அதே டூல் வெட்டுகிறது. அலையின் முகட்டில் சீவல் தடிக்கும், பள்ளத்தில் மெலியும். விசை கூடிக் குறைய டூல் இன்னும் அசையும், அடுத்த அலை இன்னும் பெரிதாகும். சுற்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ பழைய அலையும் புதிய அசைவும் பொருந்தும் விதம் மாறி, அலறல் சட்டென்று அடங்குவது இதனால்தான். பழகுபவர்கள் பயந்து ஊட்டத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தொலைவை, குறைப்பார்கள். பல வேளைகளில் அது நிலைமையை மோசமாக்கும், சற்றுக் கூட்டுவதே பலன் தரும். துருப்பிடிக்காத உருக்கில் இது இன்னும் முக்கியம். கரையோரக் கிணறுகளின் உவர்நீருக்காக அந்த உருக்கில் ஷாஃப்ட் கேட்பவர்கள் உண்டு. ஊட்டம் மிகக் குறைந்தால் டூல் வெட்டாமல் உரசும், உரசிய இடம் கடினமாகும், அடுத்த வெட்டில் டூலின் முனை போய்விடும்.

சிஎன்சி இங்கே எதை மாற்றுகிறது? அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் ஹெலிகொப்டர் இறக்கைகளின் வளைவை எண்களால் செதுக்க முயன்றதிலிருந்து பிறந்த யோசனை அது. எம்ஐடி பல்கலைக்கழகம் 1952 இல் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. கைப்பிடியின் இடத்தில் மோட்டரும், சாதாரணத் திருகின் இடத்தில் குண்டுகள் உருளும் திருகும் வந்தன. பிளே மிகவும் குறைந்தது. மிஞ்சியதைக் கணினியே கணக்கிட்டு ஈடுசெய்கிறது. ஒரே சாமான் நூறு வேண்டுமென்றால் சிஎன்சிக்கு ஈடில்லை. ஆனால் கம்பி வளைவதையும் சூட்டில் பெருப்பதையும் எந்த நிரலும் நிறுத்திவிடாது. கை லேத்தில் அவை கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தன. சிஎன்சியில் கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. கேட்கவும் அளக்கவும் தெரிந்தவரே அவற்றைப் பிடிப்பார்.

சிஎன்சி மில்லிங்கில் ஒரு வட்டம் வெட்டிப் பார்ப்பதைப் போல நல்ல பரிசோதனை வேறில்லை. வட்டத்தின் நான்கு திசைப் புள்ளிகளில், அதாவது ஒவ்வோர் அச்சும் திசைமாறும் இடங்களில், சிறு படி விழுந்திருந்தால் திருகிலோ அதன் பெயரிங்கிலோ தளர்ச்சி. வட்டம் 45 பாகையில் சாய்ந்த முட்டைபோல் வந்தால் அதே வட்டத்தை எதிர்த்திசையில் வெட்ட வேண்டும். முட்டை மறுபக்கம் சாய்ந்தால் இரு அச்சுகளின் மோட்டர்களும் ஒரே சுறுசுறுப்பில் இயங்கவில்லை. அதே பக்கமே சாய்ந்திருந்தால் அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. முதலாவதைக் கட்டுப்பாட்டுத் திரையில் திருத்தலாம், இரண்டாவதற்குச் சாவிகளோடு இயந்திரத்துக்குள் இறங்க வேண்டும். பட்டறையிலிருக்கும் டயல் மானியே தளர்ச்சியின் அளவையும் சொல்லும். அச்சை ஒரு திசையில் நகர்த்தி ஊசியைத் தொட்டு, பிறகு எதிர்த்திசையில் நூறில் ஒரு மில்லிமீற்றராக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஊசி அசையும்வரை எண்ணிய படிகள்தான் பிளே.

எண்ணால் ஓடும் இயந்திரத்தில் எண்ணே ஆபத்தாவதும் உண்டு. பல பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் 25 என்று புள்ளியில்லாமல் எழுதினால் அது 25 மைக்ரோன், புள்ளியோடு எழுதினால்தான் 25 மில்லிமீற்றர். இன்னொன்று, ஜி96 என்ற கட்டளை. வெட்டும் வேகம் மாறாதிருக்க, விட்டம் குறையக் குறைய அது சுற்று வேகத்தைக் கூட்டும். நிமிடத்துக்கு 150 மீற்றர் என்று கொடுத்தால் 100 மில்லிமீற்றர் விட்டத்தில் சுமார் 480 சுற்று, 10 மில்லிமீற்றரில் சுமார் 4,800. மையத்தில் கணக்கின்படி எல்லையே இல்லை. இந்தக் கட்டளைக்கு முன் உச்ச வேகத்துக்கு வரம்பு கொடுக்க மறந்தால் சக்கின் பிடியிலிருந்து பொருள் பறக்கக்கூடும். விட்டமும் வேகமும் எப்படித் தொடர்புடையவை என்பதைக் கை லேத்தில் கியர் மாற்றி மாற்றி உணர்ந்த பிள்ளை இந்த வரம்பை மறப்பது அரிது.

அதனால், பயிற்சி பழைய லேத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். போருக்குப் பின் வசதிகள் வந்திருக்கின்றன. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை 2014 இல் மீண்டும் திறந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அதே ஆண்டில் கிளிநொச்சி அறிவியல் நகரில் மாணவர்களைச் சேர்த்தது. அங்கேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. இவற்றில் பயிலும் பிள்ளைகளுக்கு வரைபடத்தோடு கூடிய பயிற்சித் துண்டை மட்டும் கொடுத்தால் போதாது. தோட்டத்திலிருந்து வந்த தேய்ந்த ஷாஃப்ட் ஒன்றையும் கொடுக்க வேண்டும். அதன் அளவைக் கண்டுபிடித்து, வரைபடத்தை அவர்களே வரைந்து, பிறகு நிரல் எழுதட்டும். சின்னப் பட்டறைகளும் ஒரு கொப்பி வைத்திருக்கலாம். எந்தப் பம்பின் ஷாஃப்ட், என்ன உருக்கு, எந்தப் பொருத்தம், எத்தனை மாதம் உழைத்தது என்று அதில் குறித்துவந்தால் இரண்டாம் முறை வரும் ஷாஃப்டுக்கு ஊகம் வேண்டியதில்லை.

சிஎன்சி வாங்க எண்ணுகிற பட்டறைக்காரர்கள் விலையோடு மின்சாரத்தையும் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் கை லேத்தின் மோட்டர் முனகும், சிஎன்சியின் மோட்டர் இயக்கி எச்சரிக்கை எண்ணைக் காட்டி நின்றுவிடும். டூல் அப்போது பொருளுக்குள் இருக்கும். மின்சாரம் வந்தவுடன் நேரே ஆரம்பப் புள்ளிக்கு அனுப்பினால் டூல் பொருளை இழுத்துக்கொண்டு போகும். முதலில் கையால் டூலை விலக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். கடலிலிருந்து சில கிலோமீற்றர்தான் தூரம் என்பதால், மின்பெட்டியின் கதவைச் சூட்டுக்காகத் திறந்துவைத்து ஓட்டுவது மின்சுற்றுப் பலகைகளுக்கு உப்பீரத்தை ஊட்டுவதாகும். பெட்டிக்குள் ஒரு சிறிய பற்றரியும் இருக்கும். பழைய இயந்திரங்களில் அச்சுகளின் அளவு, பிளே ஈடு, மோட்டர் அமைப்பு எல்லாம் அந்தப் பற்றரியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. இயந்திரம் இயங்கும் நிலையில் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினால் எல்லாம் அழிந்துபோகும். வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த எண்கள் முழுவதையும் ஒரு நினைவுக் குச்சியில் எடுத்து, கடதாசியிலும் அச்சிட்டு, பட்டறைக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.